கதவுக்கு உள்ளே ஒரு மர்மம்: வடுவூர் துரைசாமி ஐயங்கார்



மாலை ஏழு மணிக்கு மேல் நம் பிளாக்கில் எந்த மாடியில் நடந்தாலும், ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து சீரியல் சத்தம் கேட்கும். நாத்தனார் சதி செய்துகொண்டிருப்பாள். பொய்க் கடிதம் ஒன்று கணவன் கையில் கிடைத்திருக்கும். ஒரு பாவமும் அறியாத மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். சரியாக அந்த இடத்தில் தொடரும் என்று போட்டுவிடுவார்கள். நாமும் திட்டிக்கொண்டே மறுநாள் அதே நேரத்துக்கு டிவி முன்னால் உட்காருவோம்.

இந்த வித்தையை நூறு வருஷத்துக்கு முன்பே அச்சுப் புத்தகத்தில் செய்துகாட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். 1880-ல் பிறந்து 1942-ல் மறைந்தவர். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் படிக்கத் தெரிந்த வீடுகளில் இவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. இன்று நம்மில் பலருக்கு இவர் பெயர் புதிது. அதனால்தான் இந்தக் காலாண்டு இவரைப் பற்றி எழுதுகிறோம்.

உத்தியோகத்தை விட்ட தாசில்தார்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வடுவூர். இப்போது திருவாரூர் மாவட்டம். கோதண்டராமர் கோயிலுக்கும், பறவைகள் வந்து தங்கும் ஏரிக்கும் பெயர் பெற்ற ஊர். அந்த ஊரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் கல்லூரிப் படிப்பு முடித்து, அரசாங்கத்தில் தாசில்தார் உத்தியோகம் பார்த்தார்.

தாசில்தார் என்றால் அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. தாலுகாவுக்கே அவர்தான் சர்க்கார். நிலத் தகராறு, பாகப்பிரிவினை, வாரிசுச் சண்டை, கள்ளப் பத்திரம், பொய்ச் சாட்சி என்று ஊரின் ரகசியங்கள் எல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் போகும். பின்னாளில் அவர் எழுதிய நாவல்களில் வக்கீல்கள், மிராசுதார்கள், டிப்டி கலெக்டர்கள், ஜமீன்கள், திவான்கள் எல்லாம் இவ்வளவு இயல்பாக நடமாடுவதற்கு அந்த அனுபவம் எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சம்பளமும் மரியாதையும் நிரந்தரமாக இருந்த அந்த வேலையை விட்டுவிட்டு அவர் எழுத்தை நம்பி வந்தார். எழுதிப் பிழைக்கலாம் என்று நம்புவது இன்றைக்கே துணிச்சல்தான். அன்றைக்கு அது பெரிய சூதாட்டம்.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்

துரைசாமி ஐயங்கார் தனி மரம் அல்ல. தமிழில் 1879-ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. அதிலிருந்து நாவல் என்ற வடிவம் நமக்குப் பழக ஆரம்பித்தது. அடுத்த ஒரு தலைமுறைக்குள் துப்பறியும் கதைகள் வெள்ளம்போல வந்தன. பாளையங்கோட்டையில் பிறந்த ஜே.ஆர். ரங்கராஜு 1908-ல் எழுதிய 'இராஜாம்பாள்' பல பதிப்புகள் கண்டது. அவருடைய துப்பறிவாளர் பெயர் கோவிந்தன்.

மூன்றாமவர் நமக்கு நெருக்கமானவர். ஆரணி குப்புசாமி முதலியார். 1866-ல் அவர் பிறந்தபோது ஆரணியும் நம் திருத்தணியும் ஒரே வடஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதுதான் நாம் அந்தப் பக்கம் போனோம். பிறகு 1960-ல் எல்லைப் போராட்டத்தின் பலனாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். குப்புசாமி முதலியார் ஆசிரியராக இருந்த 'ஆனந்தபோதினி' பத்திரிகையை 1915-ல் தொடங்கியவர் நாகவேடு முனிசாமி முதலியார். நாகவேடு எங்கே என்று கேட்கிறீர்களா? அரக்கோணத்துக்குப் பக்கத்தில். தமிழ் மர்ம நாவலின் ஒரு கிளை நம் சுற்றுவட்டாரத்திலிருந்தே புறப்பட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இவர்களுக்கெல்லாம் மூலச் சரக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து. அதிலும் முக்கியமாக ரெயினால்ட்ஸ் என்பவரிடமிருந்து. ஜார்ஜ் வில்லியம் மக்கார்தர் ரெயினால்ட்ஸ் 1814-ல் பிறந்து 1879-ல் இறந்தவர். 'லண்டன் மர்மங்கள்' என்ற கதையை 1844 முதல் வாரம் ஒரு பென்னிக்கு ஒரு பகுதியாக விற்றார். கூலித் தொழிலாளிகள்கூட வாங்கிப் படித்தார்கள். ஏழைகளின் சந்துகளில் நடக்கும் குற்றத்தையும், பிரபுக்களின் மாளிகைகளில் நடக்கும் குற்றத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தொழிலாளிகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று போராடிய சார்ட்டிஸ்டுகளின் கூட்டங்களில் பேசியவர் அவர். இலக்கியப் பெரியவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் வாசகர்கள் விடவில்லை. இந்திய மொழிகள் பலவற்றில் அவருக்கு மொழிபெயர்ப்புகளும் தழுவல்களும் வந்தன. குப்புசாமி முதலியாரும் துரைசாமி ஐயங்காரும் அவரைத் தழுவி எழுதியவர்கள்தான்.

இடிந்த கோட்டைக்குப் பதில் நடுவீடு

இங்கேதான் துரைசாமி ஐயங்காரின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பயங்கரக் கதைகளுக்கு என்று ஒரு பாரம்பரியம் உண்டு. கோதிக் கதைகள் என்பார்கள். 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ஓட்ரான்டோ கோட்டைக் கதையிலிருந்து அது ஆரம்பம். பாழடைந்த கோட்டை, ரகசியச் சுரங்கம், பூட்டிய அறை, அதற்குள் அடைபட்ட ஒரு பெண், அவள் சொத்தையோ மானத்தையோ பறிக்கத் துடிக்கும் ஒரு பிரபு. கதையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் யார் நம்புவார்கள்? காவிரிக் கரையில் நார்மன் கோட்டை ஏது? துரைசாமி ஐயங்கார் கோட்டையைத் தேடவில்லை. நம் வீட்டையே எடுத்துக்கொண்டார். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைப்புறம். வெளியாள் திண்ணையோடு நின்றுவிட வேண்டிய வீடு. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெருவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரு கேட்காது. அடைபட்ட பெண்ணுக்கும் பஞ்சமில்லை. புக்ககத்துக்கு வந்த மருமகள் இருக்கிறாள்.

அவருடைய புகழ்பெற்ற நாவல் 'மேனகா' இதற்கு நல்ல உதாரணம். மேனகா வக்கீல் வராகசாமியின் மனைவி. அவனுடைய சகோதரிகள் பெருந்தேவியும் கோமளமும் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். சாமாவையர் என்ற ஒருவன் அவர்களுக்குக் கையாள். கடைசியில் அவளை ஒரு பணக்காரனுக்கு விற்றே விடுகிறார்கள். கணவனிடம் அவள் நடத்தையைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். படித்த வக்கீல், கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறவன், தன் வீட்டுப் பொய்யை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறான்.

பேய் கிடையாது, பிசாசு கிடையாது. ஆனாலும் படிக்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. காரணம், இந்தக் கதை எங்கோ நடப்பதாக இல்லை. பக்கத்து வீட்டில் நடக்கக்கூடியது. சொந்த வீட்டில்கூட நடக்கக்கூடியது. மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் அடுக்களை மூலையில் உட்கார்ந்து இதைப் படித்த மருமகள்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒருவர் அச்சில் சொல்லியிருந்தார்.

மேனகாவைக் காப்பாற்றுவது யார் தெரியுமா? விலை கொடுத்து வாங்கியவனின் மனைவி நூர்ஜஹான். தன் கணவன் செய்வது தவறு என்று தெரிந்ததும், முன்பின் தெரியாத, வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காகத் தன் கணவனையே எதிர்த்து நிற்கிறாள். சொந்த நாத்தனார்கள் விற்ற பெண்ணை அந்நிய வீட்டுப் பெண் தங்கையைப்போலக் காக்கிறாள். தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே மாடிப்படியில் கேட்கும் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் தனியாகப் பிடிக்கும்.

சாமியார் ஏன் துப்பறிந்தார்?

இரண்டாவது சாமர்த்தியம் துப்பறிகிறவரைப் பற்றியது.

ஷெர்லக் ஹோம்ஸ் 1887-ல் முதன்முதலாக அச்சேறினார். அவருக்கு ஒரு வாடகை அறை போதும். கட்சிக்காரர்கள் தாங்களே மாடியேறி வந்து கதையைச் சொல்வார்கள். நம் ஊரில் குடும்ப ரகசியத்தை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாதவரிடம் யார் போவார்கள்? போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்தாலே மானம் போயிற்று என்று நினைத்த காலம் அது.

அப்படியானால் பூட்டிய வீட்டுக்குள் தடையில்லாமல் நுழையக்கூடிய வெளியாள் யார்? யோசித்துப் பாருங்கள். பிச்சைக்கு வரும் பரதேசி. குறி சொல்லும் சாமியார். அவரை யாரும் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. வீட்டுப் பெண்கள் அவரிடம் மனம் திறந்து குறையைச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நம் மலையடிவாரத்தில் எத்தனை காவி வேட்டிகள் நடமாடுகின்றன, அவர்களில் எத்தனை பேரை நாம் யார் என்று விசாரித்திருக்கிறோம்?

துரைசாமி ஐயங்கார் உருவாக்கிய துப்பறிவாளர் பெயர் திகம்பர சாமியார். அவர் பெயராலும் 'கும்பகோணம் வக்கீல்' என்ற பெயராலும் வழங்கும் நாவலில், சட்டம் தெரிந்த வக்கீல் அக்கிரமம் செய்கிறான். எல்லாவற்றையும் துறந்ததாகக் காட்சி தரும் சாமியார் நியாயத்தைத் தேடுகிறார். மாறுவேடம் போடுவதில் அவர் மன்னர். ராஜா மாறுவேடத்தில் நகர்சோதனை போகும் பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றவே இல்லை. லண்டன் சரக்குக்கு நம் வேட்டியைக் கட்டிவிட்டார் என்பதைவிட, நம் மண்ணில் எது நம்பும்படியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதினார் என்பதே சரி.

மாதம் ஒரு தவிப்பு

எழுதினால் மட்டும் போதுமா? வாசகர் கையில் போய்ச் சேர வேண்டுமே. அதற்காக அவர் 'மனோரஞ்சனி' என்ற பத்திரிகையை நடத்தினார். கதையை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த இதழ்வரை தவிக்கவிடும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. 'சௌந்தர கோகிலம்', 'மதன கல்யாணி', 'பூர்ணசந்திரோதயம்' போன்ற நாவல்கள் பல பாகங்களாக நீண்டன. 'மாயா வினோதப் பரதேசி', 'மருங்காபுரி மாயக் கொலை', 'திவான் லொடபட சிங் பகதூர்' என்று தலைப்பு வைப்பதிலேயே அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கடைசித் தலைப்பை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும்.

அந்தப் பத்திரிகைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத, எழுதவே தடுமாறிய ஓர் இளம்பெண் கதை சொல்லச் சொல்ல, அவர் தோழி எழுதிக் கொடுத்தார். அப்படிப் பழகி நாவலாசிரியரான அந்தப் பெண்ணின் முதல் நாவல் 'வைதேகி' மனோரஞ்சனியில்தான் வெளியாயிற்று. அவர்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள். பிறகு அவர் 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தாமே ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அடுக்களையில் ஒளிந்து படித்த ஒரு தலைமுறை, தானே எழுத வந்த கதையில் துரைசாமி ஐயங்காருக்கும் பங்கு உண்டு.

மேடையிலிருந்து திரைக்கு

அவர் கதைகளில் பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் வீட்டில் பேசுகிற பேச்சு. நாடகக்காரர்கள் விடுவார்களா? டி.கே.எஸ். சகோதரர்கள் மேனகாவை மேடையில் நடித்துப் புகழ் பெற்றார்கள். புராணக் கதைகளே சினிமாவாக வந்துகொண்டிருந்த அந்த நாளில், 1935-ல் மேனகா திரைப்படமாயிற்று. ராஜா சாண்டோ இயக்கினார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான். தமிழின் ஆரம்பகாலச் சமூகப் படங்களில் இது முக்கியமானது.

படப்பிடிப்புக்காக நாடகக் குழுவினர் பம்பாய் போனார்கள். சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போகும் ரயில் பாதை நம் திருத்தணி ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது என்பதை ஊர்ப்பற்று காரணமாக இங்கே சேர்த்துவிடுகிறோம்.

1937-ல் 'பாலாமணி' படமாயிற்று. 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' எடுத்தது. இயக்கம் டி.ஆர். சுந்தரம். நாம் வில்லனாகவே அறிந்த எம்.என். நம்பியார் அதில் கதாநாயகன். பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் வந்து அசத்தினார். ஆனால் அதைப் பார்க்க துரைசாமி ஐயங்கார் உயிருடன் இல்லை.

தானே தேடிக்கொண்ட மர்மம்

அவருடைய கடைசிக் காலம் கொஞ்சம் வருத்தமானது. நாவல்களில் ஒவ்வொரு முடிச்சையும் அழகாக அவிழ்த்தவர், நிஜ வாழ்க்கையில் ஒரு பெரிய முடிச்சை அவிழ்க்கப் புறப்பட்டார். பழைய எகிப்துக்கும் நம் நாட்டு மரபுகளுக்கும் தொடர்பு உண்டு, ஆரியர்களின் வரலாற்றில் காணாமல்போன கண்ணிகளைத் தான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினார். அதை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமே எழுதி 1931-ல் வெளியிட்டார். பெயர் ஒலிப்பு ஒற்றுமைகளை வைத்து எழுப்பிய அந்தக் கட்டடம் அறிஞர்களிடம் எடுபடவில்லை. துப்பறியும் கதையில் ஆசிரியரே தடயங்களை வைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம். வரலாற்றில் அப்படிச் செய்ய முடியாதே!

அதே சமயம் காலமும் மாறியது. 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடன் வீட்டுக்கு வீடு போனது. கல்கியின் எளிய, நகைச்சுவை கலந்த தமிழ் வாசகர்களை இழுத்தது. 1933-ல் வந்த மணிக்கொடியும் அதைச் சுற்றிய எழுத்தாளர்களும் இந்தத் தழுவல் நாவல்களை இலக்கியமாகவே ஏற்கவில்லை. வடமொழி கலந்த நீள வாக்கியங்கள் பழசாகத் தெரிய ஆரம்பித்தன. 1942-ல் அவர் மறைந்தார்.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தழுவி எழுதியபோது மூல ஆசிரியருக்கு உரிய இடம் கொடுக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் பலருக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. தற்செயல்கள் அளவுக்கு மீறி நடக்கும். சாதிகளையும் பெண்களையும் பற்றிய சில வர்ணனைகள் இன்று நமக்கு உறுத்தும். ஆனாலும் அடுத்து என்ன என்று கேட்க வைக்கும் அந்தக் கயிறு இன்னும் அறுந்துபோகவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் துப்பறியும் சாம்பு, சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள் என்று நீங்கள் ரயிலில் விரும்பிப் படித்த எல்லாருக்கும் முன்னால் இந்த மூத்த தலைமுறை நிற்கிறது.

நீங்கள் படிக்க

காப்புரிமைக் காலமான 60 ஆண்டுகள் 2002-ம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிட்டதால், இவர் நாவல்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். தமிழ் விக்கிமூலம் தளத்தில் பல நாவல்கள் முழுதாகக் கிடைக்கின்றன. செல்போனிலேயே படிக்கலாம். முதலில் மேனகாவில் ஆரம்பியுங்கள். முதல் இருபது பக்கம் நடை கொஞ்சம் முரடாக இருக்கும். பிறகு கதையே உங்களை இழுத்துக்கொண்டு போகும். கண் பார்வை மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகள் தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் வரும், பெரியவர்களுக்குப் பொழுதும் போகும்.

கடைசியாக ஒரு விஷயம். நம் குடியிருப்பில் வாசலில் செக்யூரிட்டி இருக்கிறார். வருகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் லிஃப்ட் ஏற வேண்டும். கேமராவும் பொருத்தியிருக்கிறோம். எல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்துக்காக. துரைசாமி ஐயங்கார் தம் வாசகர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது வேறு. ஆபத்து பல சமயம் தாழ்ப்பாளுக்கு உள்ளேதான் இருக்கிறது; அதைத் தெரிந்துகொண்ட அக்கம்பக்கத்தார் வாயைத் திறக்காததால்தான் அது வளர்கிறது. பக்கத்து பிளாட்டில் வழக்கத்துக்கு மாறான அழுகைச் சத்தம் கேட்டால், தினமும் பார்க்கும் ஒரு முகம் பல நாளாகக் கண்ணில் படவில்லை என்றால், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு கிண்ணம் சாம்பாரோ, ஒரு துண்டு பிரசாதமோ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். நிலைமை மோசம் என்று தெரிந்தால் பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். மேனகாவுக்கு ஒரு நூர்ஜஹான் கிடைத்ததுபோல, நம் மாடியில் இருக்கும் யாருக்கோ அந்தத் தட்டும் சத்தம் தேவைப்படலாம்.